எழுந்தருளியும் ஆழ்வாரும்: தென்னாட்டுப் பௌத்த விக்கிரகக் கலை பற்றிய ஒரு கருத்து

அரியாலைச் சித்திவிநாயகர் ஆலயத் திருவிழாவிலே கருவறை மூர்த்தி தம் இருக்கையை விட்டு அசைவதில்லை. வாகனமேறி வீதிவலம் வருபவர், யாழ்ப்பாணத்தார் எழுந்தருளி என்று வழங்கும் உற்சவ மூர்த்தியே. இச்சொல் சைவ வழிபாட்டுக்கே உரியதென நம்மவர் எண்ணுவது இயல்பு. ஆயினும், கடலுக்கு அப்பால் நாகபட்டினத்தில் பதினோராம் நூற்றாண்டில் வார்க்கப்பெற்று, இப்போது நியூயோர்க்கில் ஏசியா சொசைட்டியின் சேகரத்திலுள்ள புத்தர் விக்கிரகத்தின் பீடத்தில் பொறித்த தமிழ்ச் சாசனம், இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் கோயிலுக்கு, உற்சவத்தில் எழுந்தருளுதற்பொருட்டு அம்மூர்த்தி செய்விக்கப்பட்டதென்று கூறுகின்றது. புத்தரை அது அழைக்கும் பெயர் ஆழ்வார்.

சாசனத்தின் அக்கசாலை என்ற சொல் பொற்கொல்லர் தொழிற்களத்தைக் குறிப்பது. பௌத்தம், சைவம் என்று நூதனசாலைப் பெட்டகங்கள் இரண்டாகப் பிரித்து வைத்தவற்றை வார்த்தவன் அவ்வாறு பிரித்தறிந்தானோ என்பதே என் ஐயம். மெழுகிற் கருவமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் உலோகத்தை வார்க்கும் முறையாகிய மதூச்சிஷ்ட விதானம் இருசாரார்க்கும் ஒன்றே; பதுமபீடமும் பிரபையும் அவ்வாறே. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரம் ஸ்ரீவிசய மன்னனால் எடுக்கப்பட்டு, சோழ மன்னன் இராசராசனிடம் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய தானநிலமாக, பெற்றது. அந்நகரில் 1856 முதலாக மண்ணிலிருந்து வெளிப்பட்ட முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பௌத்த விக்கிரகங்களை நோக்குவார்க்கு, முடிமேல் எழும் தீச்சுடரையும் மேனியை ஒட்டிய சீவரத்தையும் நீக்கிவிட்டால், சோழர் கைப்பழக்கம் நன்கு தெரியும்.

சைவர் வழக்கத்தைப் பௌத்தர் கடன் கொண்டனர் என்று இதனாற் சொல்லத் துணிவது அவசரமாகும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாடலிபுத்திரத்தில் புத்தர் படிமங்களைத் தேரிலேற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனதைச் சீன யாத்திரிகர் பாகியான் கண்டெழுதியுள்ளார். கண்டியிலோ பெரஹராவில் யானைமீது செல்வது தாதுப்பேழை, படிமமன்று. ஆகவே பௌத்தத்துக்குள்ளேயே இரு மரபுகள் இருந்தன. நாகபட்டினத்தார் முதலாவதைக் கைக்கொண்டு, தமிழ்ச் சொல்லால் அதனைக் குறித்தனர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

எங்கிருந்து வந்தது என்ற வினா இலங்கை விக்கிரகங்களைப் பற்றியும் கேட்கப்பட்டது. பொலன்னறுவைச் சைவ விக்கிரகங்களைத் தொல்பொருள் ஆணையாளர் பெல் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தியபின், அவை இலங்கையில் வார்க்கப்பட்டனவா, தென்னாட்டிலிருந்து வந்தனவா என்ற விவாதம் எழுந்தது. ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலை விக்கிரகங்கள்பற்றி நூலெழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1917இல் சிவ வழிபாட்டின் தத்துவத்தோடு அவற்றை இணைத்து விளக்கினார். பிறப்பிடத்தை ஆராய்தல் பயனற்றதன்று. எனினும், தூக்கிச் செல்லவென்றே செய்யப்பட்ட பொருளை எந்த ஊருக்கு உரியதென்று கேட்பது, தேரை எந்த வீதிக்கு உரியதென்று கேட்பதைப் போன்றது.

நிலையாக நிற்பதற்கும் அசைந்து செல்வதற்கும் உள்ள வேற்றுமை நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிகவும் முக்கியமானது. இங்குள்ள சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் கருங்கல்லைப் போல நுண்ணிய சிற்பத்துக்கு இடங்கொடுப்பனவல்ல. கந்தரோடையில் போல் பீரிஸ் 1917இல் ஆராய்ந்த சிறு ஸ்தூபிகளும் உருவச் சிற்பமின்றித் திரண்ட வடிவத்தாலேயே நிற்கின்றன. கல்லிற் காணாததைக்கொண்டு இந்நாட்டாருக்குச் சிற்பமில்லை என்போர், அசையாததையே கலையென்று கணக்கிட்டவராவர். மரத்தாலான வாகனங்களையும் தேர்களையும் உலோகத்தாலான எழுந்தருளிகளையும் அவர்கள் எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை.

அசையும் தன்மைக்கு வேறொரு பயனும் இருந்தது. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தபோது கட்டடத்தைக் காக்க யாராலும் முடியவில்லை. ஆனால், 1950இல் திருகோணமலையிற் கிணறு தோண்டியவர்கள், மண்ணுள் மறைந்து தப்பிய சோமாஸ்கந்தர் முதலான செப்பு விக்கிரகங்களைக் கண்டெடுத்தனர். அவை மீளவும் கோணேசர் ஆலயத்துக்கே எழுந்தருளின.