தாளில் எழுந்த உயிர்கள்

பழைய நாளிதழைக் கிழித்துக் கப்பல் செய்து மழைநீரில் விட்டு மகிழாதவர் நம்மில் யார்? இந்தத் தாள் மடிப்பை ஜப்பானியர் ஓரிகாமி என்பர். நெடுங்காலம் அது அங்கும் சடங்குகளிலும் பிள்ளைகளின் விளையாட்டிலுமே இருந்து வந்தது. அதை உலகம் மதிக்கும் கலையாக உயர்த்தியவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் பெயர் அகிரா யோஷிசாவா.

1911ஆம் ஆண்டில், டோச்சிகி மாநிலத்தில், கறவை மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் தோக்கியோவுக்கு வேலைக்குப் போனார். பின்னர் வரைபடம் தீட்டும் பணிக்கு உயர்ந்தார். புதிய தொழிலாளருக்கு வடிவக் கணிதம் புரியவேண்டுமே என்று, தாளை மடித்துக் காட்டிப் பாடம் சொன்னார். 1937இல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இக்கலையில் இறங்கினார். வறுமை வாட்டியது. சோயாச் சாற்றில் சுண்டக் காய்ச்சிய தொடுகறியை வீடு வீடாக விற்று வயிறு வளர்த்தார்.

ஜப்பானிய இராணுவம் என்றால் நம் மூத்தோருக்குச் சயாம் மரண இரயில் பாதைதான் நினைவுக்கு வரும். அந்த இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் ஹாங்காங்கில் இருந்த யோஷிசாவா, நோயாளிகள் மனம் தேறத் தாளுருவங்கள் செய்து கொடுத்தார்.

அவருக்கு ஆசான் இயற்கையே. ஒரு பறவையை மடிக்குமுன் அது எப்படி நிற்கிறது, எப்படித் தலை திருப்புகிறது என்று கூர்ந்து பார்ப்பார். கத்தரியும் பசையும் தொடாமல், அந்த உயிர்த் துடிப்பைத் தாளில் கொண்டுவர முயன்றார்.

தாளும் இயற்கை தந்ததுதானே! ஜப்பானியர் கையால் செய்யும் வாஷித் தாளுக்குக் கோசோ என்னும் செடியின் பட்டையை வேகவைத்து, அடித்து நாராக்குவர். வெண்டைக்கு உறவான ஒரு செடியின் வேர்ப்பசையுடன் அதை நீரில் கலக்கி, மூங்கில் தட்டியால் அள்ளுவர். நீரில் பிறந்த தாளை யோஷிசாவா நீரைக் கொண்டே வளைத்தார். கெட்டித் தாளை இலேசாக ஈரமாக்கினால் அதிலுள்ள பசை இளகும். காய்ந்ததும் இறுகி, வளைத்த வடிவிலேயே நிற்கும். பறவையின் மார்பும் கொரில்லாவின் தோளும் இப்படித்தான் திரண்டு எழுந்தன.

சீனர்கள் எலி ஆண்டு, புலி ஆண்டு என்று சொல்வதை நாம் அறிவோம். அந்த 12 விலங்குகளையும் அவர் மடித்துத் தர, 1952இல் ஒரு ஜப்பானியப் பட ஏடு வெளியிட்டது. அவர் பெயர் நாடெங்கும் பரவியது. 1954இல் வெளியிட்ட நூலில், மடிப்புகளைக் கோடுகளாலும் அம்புக் குறிகளாலும் விளக்கினார். அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட் போன்றோர் பின்பு அம்முறையைச் செப்பனிட்டனர். இன்று மொழி தெரியாதவரும் படத்தைப் பார்த்தே மடிக்கலாம். 1955இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1983இல் ஜப்பானிய அரசு 'உதய சூரியன்' விருது வழங்கியது. 2005இல், தம் 94ஆம் பிறந்த நாளன்றே மறைந்தார்.

கைத்தொழில் பலவும் ஆசானோடு மறைந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். யோஷிசாவா தம் கை அறிந்ததைப் பிறர் கையும் அறியும்படி எழுதி வைத்தார். அதனால்தான் அவருடைய கலை அவரோடு மறையவில்லை.