பூவரசும் வெற்றிலைக் கொடியும்: தூத்துக்குடித் தோட்டங்களில்

பூவரசு வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி வளர்ந்து ஆண்டு முழுவதும் பூக்கும் நடுத்தர உயரமுள்ள மரம். வெற்றிலை, பிற மரங்களின் நிழலில் அவற்றையே பற்றி ஏறிப் பல ஆண்டுகள் வாழும் கொடி. பூவரசு பருத்தியும் செம்பருத்தியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. வெற்றிலை மிளகின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டின் இலைகளும் இதய வடிவில் இருப்பதைத் தவிர இவற்றுக்குள் உறவென்று சொல்ல ஏதுமில்லை. ஆயினும் தூத்துக்குடி மாவட்டத்தில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுவோருக்கு, பூவுக்கும் நிழலுக்கும் ஒரு மரம், அந்த நிழலில் பலன் தரும் ஒரு செடி என்ற இரு தேவைகளுக்கும் இவையே முதலில் நினைவுக்கு வருவதால் இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

இந்த ஒப்பீட்டில் மண்ணையும் நீரையும் விட்டுவிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்த தூத்துக்குடிக்கு ஆண்டில் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிட, எஞ்சிய மாதங்கள் வெயிலும் காற்றுமாகவே கழிகின்றன. உப்பளங்களுக்கு உகந்த இந்தத் தட்பவெப்பம் தோட்டத்துக்கு உகந்ததன்று. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்தில் நீரை நிறுத்தாத, தேரி எனப்படும் செம்மணலும், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்தில் கரிசலும் பரந்திருக்கின்றன. இவற்றுக்கு நடுவே, ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் தாமிரபரணி நீரைப் பரப்பும் ஒரு குறுகிய பசுமைப் பட்டை மட்டும் ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் கழிமுகம் வரை செல்கிறது. வெற்றிலையின் எல்லை பெரும்பாலும் இந்தப் பட்டையோடு முடிந்துவிடுகிறது. பூவரசுக்கு அத்தகைய எல்லை இல்லை.

பூவரசின் அறிவியற்பெயர் தெஸ்பீசியா பாபுல்னியா. 1753-இல் லின்னேயசு இதைச் செம்பருத்தியின் பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னரே இது தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இந்தியப் பெருங்கடலின் கரைகள் முதல் பசிபிக் தீவுகள் வரை இம்மரம் பரவியிருப்பதற்குக் காரணம் இதன் விதையே: உப்புநீரில் நெடுநாள் மிதந்தாலும் முளைப்புத்திறன் கெடாததால், கடல் நீரோட்டம் கொண்டுசேர்த்த இடத்தில் முளைத்துவிடுகிறது. பொதுவாக 6 முதல் 10 மீட்டர் உயரம் வளர்ந்து, அடர்ந்து குடைபோலப் பரவும் இம்மரத்தின் இலைகள் பளபளப்பும் தடிப்பும் உடையவை. விரல்நீளம் விரியும் மணிவடிவப் பூ, காலையில் வெளிர்மஞ்சளாகவும் உட்புற அடியில் கருஞ்சிவப்புத் திட்டோடும் திறந்து, பொழுது சாயச் சாயச் செம்மையேறி, வாடியபின் ஊதாநிறமாகி உதிர்கிறது. ஒரே மரத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்து தோன்றுவது இதனால்தான். கொன்றையைப் போல ஒரு பருவத்தில் மட்டும் பூத்து மரத்தையே மறைக்கும் பெருங்காட்சியைப் பூவரசு தருவதில்லை. அளவாக, ஆனால் ஓயாமல் பூக்கும் மரம் இது. அழகுக்கென்றே நாற்றுப்பண்ணைகளில் வாங்கப்படும் அயல்நாட்டு மரங்களின் வரிசையில் இதைச் சேர்க்க மறப்பது, எளிதில் கிடைப்பதன் மதிப்பை உணராத வழக்கம் என்றே கொள்ள வேண்டும்.

இதனை விதையாலும் வளர்க்கலாம் என்றாலும், கைத்தடிமன் கிளையை வெட்டி மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றும் 'போத்து நடுதல்' என்னும் முறையே ஊர்ப்புறங்களில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. போத்து விரைவில் வேர்பிடித்துத் துளிர்ப்பதால், வேலியோரத்தில் வரிசையாக ஊன்றி உயிர்வேலி அமைப்பதும் எளிதாகிறது. முதல் கோடையைக் கடக்கும் வரை நீர் ஊற்றினால் போதும். அதன்பின் உவர்நீரும் வறட்சியும் மரத்தை அதிகம் வாட்டுவதில்லை. இறுகிய இழையுடைய இதன் கட்டை படகு, வண்டிச்சக்கரம், கருவிப்பிடி ஆகியவற்றுக்குப் பயன்பட்டுவந்தது. இலையில் மாவை வைத்து மடித்து அவிக்கும் கொழுக்கட்டையும், இலையைச் சுருட்டிச் சிறுவர் ஊதும் பீப்பியும் இம்மரத்தோடு சேர்ந்தே அறியப்பட்டவை. குறையும் உண்டு. பருத்திக் குடும்பத்து மரமாதலால் பருத்தியைத் தாக்கும் சிவப்புக் கறைப்பூச்சி இதன் காய்களிலும் கூட்டமாக அண்டிப் பெருகுகிறது. எனவே மாவட்டத்தின் வடக்கே கரிசலில் பருத்தி விளையும் வயலை ஒட்டி இதை நடுவதைத் தவிர்ப்பது நல்லது.

பைப்பர் பீட்டில் என்னும் வெற்றிலை, மலேயத் தீவுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படுகிறது. தண்டின் கணுதோறும் தோன்றும் பற்றுவேர்களால் மரப்பட்டையைப் பிடித்து ஏறும் இக்கொடியில் ஆண், பெண் பூக்கள் தனித்தனிக் கொடிகளில் கதிராகத் தோன்றினாலும், அவை கண்ணைக் கவர்வனவல்ல, காய்ப்பதும் அரிது. ஆகவே கணுக்கள் உள்ள தண்டுத்துண்டுகளை நட்டே இதைப் பெருக்குகின்றனர். இலையின் காரத்துக்கும் மணத்துக்கும் காரணம் அதிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய். இலவங்கத்துக்கு மணம் தரும் யூஜெனாலும் வெற்றிலைக்கே உரிய சாவிபெட்டாலும் இந்த எண்ணெயில் அடங்கும் சேர்மங்கள். நேர்வெயில் இலையை வெளிறச் செய்யும். வறண்ட காற்று வளர்ச்சியை நிறுத்தும். உவர்நீர் கொடியையே கெடுக்கும். ஈரம் எப்போதும் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் ஃபைட்டோப்தோரா என்னும் பூசணம் போன்ற நுண்ணுயிர் அடித்தண்டைத் தாக்கி, நலமாக நின்ற கொடியைச் சில நாள்களில் வாடவைத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணிக் கரையூர்கள் மூழ்கியதை எண்ணினால், வடிகால் இல்லாத இடத்தில் கொடி நடுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும்.

வெற்றிலை பயிராகும் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். கொடிக்காலில் முதலில் அகத்தி விதைத்து, அது நிழல்தரும் அளவுக்கு வளரத் தொடங்கியபின் அதன் அடியில் வெற்றிலைத் தண்டுகளை நட்டு, ஏறும் கொடியை அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவர். கொடி கைக்கு எட்டாத உயரம் சென்றதும் அதை இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து மீண்டும் ஏறவிடுவர். அகத்தி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தையும், அடுக்களைக்குக் கீரையையும் பூவையும், ஆட்டுக்குத் தழையையும் தருகிறது. ஆத்தூர், முக்காணி, கொற்கை சுற்றுவட்டாரத்தில் தாமிரபரணி நீரால் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட ஊரின் மண்ணும் நீரும் தரும் தனித்தன்மைக்காக ஒரு பொருளின் பெயருக்கு அளிக்கப்படும் சட்டக் காப்பே புவிசார் குறியீடு.

இப்பகுதிக்கும் வெற்றிலைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகர வணிகர் மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்து மக்கள் ஓர் இலையை ஓயாமல் மென்றுகொண்டிருப்பதையும், செல்வர்கள் அதனுடன் கற்பூரமும் நறுமணப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்ப்பதையும், அந்தச் சாற்றை ஒருவர் முகத்தில் உமிழ்வது பெரும் இழிவாகக் கொள்ளப்பட்டதையும் குறித்துள்ளார். அவர் கண்ட காயல், ஆத்தூருக்கு அருகிலுள்ள இன்றைய பழையகாயலே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பாண்டிய நாட்டு முத்துக் குளித்தலை விவரித்தவரின் குறிப்பில் வெற்றிலைக்கும் இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டையும் வைக்க விரும்புவோர் வரிசைமுறையைக் கவனிக்க வேண்டும். வெயிலும் கடற்காற்றும் நேரே படும் பக்கத்தில் பூவரசை நட்டு, அது குடைவிரித்து நிழல் தரத் தொடங்கிய பின்னரே அதன் மறைவில் வெற்றிலைக்கு இடம் தேடலாம். பூவரசின் நிழல் அகத்தியின் நிழலைவிட அடர்ந்தது. வெற்றிலைக்கு வேண்டியதோ இருளன்று, இலைகளினூடே சல்லடையிட்டு விழும் வெளிச்சம். ஆகையால் ஆண்டுக்கொரு முறை கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கொடியை மரத்திலேயே ஏற்றாமல் சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் படரவிட்டால் வேர்களுக்கிடையே நீருக்கான போட்டி குறையும். கிணற்று நீர் உவர்ப்பான நகர்ப்பகுதி வீடுகளில், அடியில் துளையுள்ள தொட்டியில் மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்து கொடியை நட்டு, குடிநீரோ சேமித்த மழைநீரோ ஊற்றி வளர்ப்பதே நடக்கக்கூடியது.

இரண்டில் ஒன்றுக்கே இடமிருந்தால், கடலோரத்திலும் தேரியிலும் பூவரசையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆற்றுக்கால் பாயும் ஊர்களில் அகத்தியின் துணையோடு வெற்றிலைக்கு முதலிடம் தரலாம். வேலியோரத்தில் ஊன்றும் ஒரு பூவரசம்போத்துக்கு அங்கும் இடம் இல்லாமல் போகாது.