உளி எவர் உடைமை?

தீப்பெட்டியின் மேல் ஒட்டிய சிறு படத்தை உற்று நோக்குவார் எவர்? குச்சி தீர்ந்தது, பெட்டி குப்பைக்குப் போயிற்று, படமும் உடன் போயிற்று. ஆனால் அந்தத் துண்டுத் தாளுக்குப் பின்னே ஒரு தொழிலின் வாழ்வும் தாழ்வும் கிடக்கின்றன.

பொறிப்புக் கலை நமக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றை வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயர்கள் அச்செப்பேட்டிலேயே உள்ளன. மன்னன் புகழ் பொறித்த கை தன் பெயரையும் பொறித்துக் கொண்டது! மகிழ்கிறோம். எனினும் அந்த உளி எவ்வழி நடந்தது? தந்தை கையிலிருந்து மகன் கைக்கு. வெளியே பிறந்தவன், ஆர்வம் எத்துணை இருப்பினும், பட்டறை வாயிலிலே நின்றான். உள்ளே பிறந்தவனோ, விருப்பம் இல்லாவிடினும் உளியை விட்டு நகர இயலாதவனானான். ஒருவனுக்குப் பூட்டிய கதவு, மற்றவனுக்குப் பூட்டிய விலங்கு!

அந்தப் பூட்டு சிவகாசியிலே எப்படி நெகிழ்ந்தது என்பதைக் காண்போம்.

வானம் பார்த்த கரிசல் மண். 1899-இல் கோயில் நுழைவுப் பூசலால் தீயும் குருதியும் கண்ட ஊர். அவ்வூரிலிருந்து 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர்; தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். எந்தச் சாத்திரத்திலே தீப்பெட்டி செய்யும் சாதி என்று ஒன்று வகுக்கப்பட்டிருந்தது? எவருடைய பாட்டன் தொழில் அது? எவருடையதும் அன்று. ஆகவேதான் அது ஓர் ஊரையே உயர்த்திற்று.

தீப்பெட்டிக்குப் படத்தாள் வேண்டும், பட்டாசுக்கு மேலுறை வேண்டும், அச்சுத்தொழில் வளர்ந்தது. தொடக்கக் காலத்தில் அதற்குத் துணை நின்றது கல்லச்சு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனபெல்டர் என்பார் பவேரியாவில் கண்ட முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவர். பின்னர்க் கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடுகள் மட்டும் மையைப் பற்றும். ஈரம்பட்ட இடம் அதை விலக்கும். எழுத்தோ உருவமோ, அனைத்தையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மயிரிழை பிசகினால் கிளியின் சிவந்த மூக்கு கிளியை விட்டு விலகி நிற்கும்! அத்தகைய கைக்குத் தேவை இருந்தது. அந்தக் கைக்குக் குலம் வகுக்க எவராலும் இயலவில்லை.

அண்டையிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராசு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். 1850-இல் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியிலே செதுக்கச்சும் கற்பிக்கப்பட்டது. நாடகத் திரை வரைந்த கொண்டையராசுவின் ஓவியங்கள், சிவகாசி நாட்காட்டிகளாய் நாடெங்கும் தொங்கின. பெரும்பாலும் கடவுள் படங்களே. நமக்கு அந்தக் கடவுளரோடு வழக்குண்டு, தூரிகையோடு இல்லை. அவரிடம் பயின்ற மாணாக்கர் பலரும் பெயர் பெற்றனர்.

இந்நிலையில் வந்தது 1953. ஆச்சாரியார் ஆட்சி அறிவித்தது: சிற்றூர்ப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும்! குலக்கல்வித் திட்டம் என்று தமிழகம் அதற்குப் பெயரிட்டது, கொதித்தெழுந்தது. 1954-இல் அத்திட்டத்தைக் கைவிட்டவர் யார்? விருதுநகரிலே பிறந்து, பள்ளிப் படிப்பை இடையிலே இழந்த காமராசர்.

அத்திட்டம் நிலைத்திருந்தால்? செதுக்குவோன் மகன் அரைப் படிப்போடு உளி பிடித்திருப்பான். அவன் கை தேறும் வேளையில் ஒளிப்படத் தகடு வந்திருக்கும், ஆப்செட் எந்திரம் வந்திருக்கும், கணினியும் வந்திருக்கும். கல்லை அகற்றிய எந்திரம் எவனுடைய கோத்திரத்தைக் கேட்டது?

இன்றும் கைப்பொறிப்புக்குச் சந்தை அறவே இல்லை என்று கூறமாட்டோம். பாத்திரக் கடையிலே மணமகளின் பெயரைக் குடத்தில் வெட்டித் தருவோர் உளர். மின்னூசி பலரிடம் உளியின் இடத்தைப் பிடித்துக் கொண்டது. கல்லில் எழுத்து வெட்டுவோர் உளர். அவர்களுக்குப் போட்டியாய் லேசர் வந்துவிட்டது. மாமல்லபுரத்திலே 1957-இல் தோன்றிய அரசுச் சிற்பப் பள்ளி கல்லூரியாய் வளர்ந்து, விண்ணப்பித்துச் சேரும் மாணவருக்கு உளியைக் கற்பிக்கிறது. சிவகாசி அச்சகமோ, கோட்டின் அழகும் எழுத்தின் அளவும் அறிந்து அவற்றைக் கணினித் திரையிலே அமைக்கத் தெரிந்தவனைத் தேடுகிறது.