நாகக்கணை ஏன் மறுமுறை எய்யப்படவில்லை?

மந்திர உலகின் விதிகளில் ஓட்டை கண்டு, அதை அடைக்கக் கொள்கை புனைவது மிகுபுனைவு வாசகர்களின் புதுப் பழக்கம் அன்று. 1911இல் வட ஆற்காட்டின் பகுதிகளையும் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டத்திலும் திருப்பதி வட்டாரத்திலும், தருமராசர் கோயில் விழாக்களில் பாரதம் பகலில் அரிகதையாகவும் இரவில் கூத்தாகவும் நிகழ்கிறது. தெலுங்கும் தமிழும் புழங்கும் அந்நிலத்தில் பாரதம் ஒன்று, விடைகள் பல.

அர்ச்சுனனின் முடியை மட்டும் வீழ்த்திய நாகக்கணையைக் கர்ணன் ஏன் மீண்டும் தொடுக்கவில்லை? பரசுராமர் சாபம் பிரமாத்திரத்துக்கே உரியது, இதற்குப் பொருந்தாது. வடமொழிக் கர்ணன், பிறர் வலிமையால் வெல்ல விரும்பாமல் தானே மறுக்கிறான். வில்லிபாரதத்திலோ, ஒருமுறைக்குமேல் அதை எய்வதில்லை எனக் குந்திக்கு முன்பே வரம் தந்திருக்கிறான். வடமொழியில் அவள் பெறுவது மற்ற நால்வரின் உயிர் மட்டுமே. தமிழ் விடை விதியை இறுக்குகிறது; ஆயினும் வீரனின் தற்செருக்கு தாயின் வேண்டுகோளாகச் சுருங்கிவிடுகிறது. இது சிறிய இழப்பன்று.

அந்த ஓட்டை அடைபட்டதும் அடுத்தது எழுகிறது: கணைகள் தைத்தும் அவன் உயிர் ஏன் பிரியவில்லை? அவன் செய்த புண்ணியமே காக்கிறது என்கிறது தமிழ் மரபு. ஆகவே கண்ணன் அந்தணனாக வந்து அதையும் யாசிக்க வேண்டியதாகிறது. கர்ண மோட்சக் கூத்தின் உயிர்நிலை அக்காட்சிதான்.