காஸ்ட் ஆய்வு

மாரடைப்புக்குப் பின் எழும் மிகைத்துடிப்பை மருந்தால் அடக்கினால் திடீர் மரணம் குறையுமா என்றறிய 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய மருத்துவச் சோதனை. என்கைனைடு, ஃப்ளெகைனைடு மருந்துகள் துடிப்பைச் சீராக்குவதை மருத்துவர்கள் இசிஜியில் கண்கூடாகக் கண்டிருந்ததால், சிலருக்கு மட்டும் வெற்று மாத்திரை தருவது அநீதி என்ற ஆட்சேபம் எழுந்தது. கவலை நியாயமானதே, ஆனால் அம்மருந்துகள் உயிர்காக்கும் என்பது அன்று வெறும் ஊகம். 1991இல் வெளியான விவரப்படி, மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். வரைபடம் திருந்தியது, மனிதர் மாண்டனர். மருத்துவர் எடைபோட வேண்டியது நோயாளியின் ஆயுளை, இசிஜி போன்ற இடைக்குறியீட்டை அல்ல. அப்படியானால் மருந்தே கூடாதா? அதுவும் மிகை: இதயத்தசை பழுதுபடாதவர்களின் சிலவகைத் துடிப்புக் கோளாறுகளுக்கு ஃப்ளெகைனைடு இன்றும் தரப்படுகிறது.