மாதம் ஏழு டாலர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 54வது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை என்றால், 'குளோரி' படம் பார்த்தவர்களுக்கு வாக்னர் கோட்டைதான் ஞாபகம் வரும். 1863 ஜூலை 18 மாலை, தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம். முன்னணியில் போன சுமார் 600 பேரில் 270 பேருக்கு மேல் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். வீரர்கள் கறுப்பர்கள். தலைமை தாங்கிய கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா வெள்ளையர், 25 வயது. அவரும் அங்கேயே விழுந்தார். இதையெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். என்னை இழுத்தது அவர்களுடைய சம்பளக் கணக்கு.

ஆள் சேர்த்தபோது ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கொடுத்த வாக்கு, மற்ற வீரர்களுக்கு என்னவோ அதுவே உங்களுக்கும் என்பது. அதாவது மாதம் 13 டாலர், துணிப்படி தனி. வாஷிங்டன்காரர்கள் 1862ஆம் வருஷத்து மிலிஷியா சட்டத்தைக் காட்டினார்கள். கறுப்பர் என்றால் மண் வெட்டுவார், மூட்டை தூக்குவார் என்ற நினைப்பில் எழுதிய சட்டம். அதன்படி 10 டாலர், துணிக்கு 3 டாலர் பிடித்தம். கைக்கு 7.

வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மீதியை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. அதுவும் வேண்டாமாம்! இந்த இடத்தில் நான் கொஞ்சம் குழம்பினேன். முழுசாக 13 வருகிறதே, எந்தக் கஜானாவிலிருந்து வந்தால் என்ன? அவர்களுக்கு அது தொகைப் பிரச்சினையே இல்லை. பட்டியலில் வீரன் என்று இருக்கிறதா, கூலி என்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

படத்தில் ஒரே காட்சியில் முடிகிற விஷயம், நிஜத்தில் ஏறக்குறைய 18 மாதம் இழுத்தது. ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. 1864 பிப்ரவரி 20 அன்று ஃப்ளோரிடாவின் ஒலஸ்டீயில் சம்பளமே இல்லாமல் சண்டை போட்டார்கள். அதே மாசக் கடைசியில், இதே சம்பளப் பாகுபாட்டுக்காகத் தன் ஆட்களைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன வில்லியம் வாக்கர் என்ற சார்ஜென்ட்டை, வேறொரு கறுப்பர் படைப்பிரிவைச் சேர்ந்தவர், கலகக் குற்றம் சாட்டி ராணுவமே சுட்டுக் கொன்றது. 54ஆவது படை துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. சம்பளத்தைத் தொடவும் இல்லை.

1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கி வந்தது. அதிலும் ஒரு கொக்கி: சேர்ந்த நாளிலிருந்து முழுச் சம்பளம் வேண்டுமானால், 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும். அடிமையாக இருந்து தப்பி வந்தவன் என்ன செய்வான்? ஷாவுக்குப் பின் வந்த கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் சத்தியத்தின் வாசகத்தை மாற்றி எழுதினார். அந்தத் தேதியில் கூலியில்லாத உழைப்பு எவனுக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை என்று சொன்னால் போதும். எந்த அடிமையும் மனசாரச் சொல்லலாம். சட்டத்தின் ஓட்டையை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது. நாங்கள் வீரர்களா, கூலிகளா என்று ஒரு வருஷம் முன்பு லிங்கனுக்கே கடிதம் எழுதிக் கேட்டவர் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங். ஒலஸ்டீயில் பிடிபட்ட அவர், ஜூலை 19ஆம் தேதியே ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோயிருந்தார்.