திருநெல்வேலியின் வளர்ச்சியும் நல்லூர்ப் பிரதேச சபையும்: கிணற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போகிறவருக்கு, கந்தர்மடம் முடிந்து திருநெல்வேலி தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கடைகளும் வங்கிகளும் தனியார் கல்வி நிலையங்களும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஆனால் சட்டப்படி அங்கே மாநகர சபையின் ஆட்சி முடிந்து நல்லூர்ப் பிரதேச சபையின் ஆட்சி தொடங்கிவிட்டது. நகரம் வளர்ந்து வந்து சேர்ந்த இக்கிராமத்தில், வளர்ச்சியைத் தீர்மானித்தவர்கள் ஒரு சாராராகவும் அதன் சுமையைத் தாங்கியவர்கள் வேறொரு சாராராகவும் இருந்துவந்தனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையின் கிராம மட்ட உள்ளூராட்சி 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டத்தோடு உருப்பெற்றது. ஒழுங்கை, கிணறு, குளம், சிறு வழக்கு ஆகியவற்றோடு அதன் கவனம் நின்றது. 1946 இல் பட்டின சபைகளுக்கான சட்டம் வந்தது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாயிற்று. நகர எல்லைக்கு வெளியே, பட்டின சபை பெறாத ஊர்கள் கிராமச் சபைகளின் கீழேயே இருந்தன. அன்றைய திருநெல்வேலிக்கு அது போதும். செம்மண் தோட்டங்களும் சந்தையும் விவசாயப் பண்ணையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியும் உள்ள ஊர் அது.

மாற்றம் 1974 இல் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் அமைந்தது. அக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க திறந்து வைத்தார். க. கைலாசபதி முதல் தலைவரானார். 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவரும் ஆசிரியரும் வரவர, சுற்றியிருந்த வளவுகளில் வாடகை அறைகளும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் எழுந்தன.

இந்த வளர்ச்சி நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவாகி, கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. ஆனால் போரினால் யாழ்ப்பாணத்தில் அவற்றுக்கு 1998 ஜனவரி வரை தேர்தல் நடக்கவில்லை. அடுத்த தேர்தல் 2011 ஜூலையில். கிராமம் வளாக நகராக மாறிய காலத்தின் பெரும்பகுதியில், ஊரவர் தெரிந்தெடுத்த சபை என்ற ஒன்றே இருக்கவில்லை. இன்றைய ஒழுங்கைகளின் நெரிசலுக்கு மக்களின் பொறுப்பின்மையைக் காரணம் காட்டுவோர் இந்த வெற்றிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வெற்றிடத்தின் விளைவைக் கிணற்றில் காணலாம். யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் 'கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்' என்ற தொடர் அடிக்கடி வரும். நாலைந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு. முறை வைத்து இறைப்பு. சீதனமாகவும் விலையாகவும் காணி பிரிந்தபோது பங்குக் கிணறு போய், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கிணறும் தனி மலக்குழியும் வந்தன. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். அதில் மாடி வீடும், பின்புறம் மாணவருக்கு வாடகை அறைகளும் கட்டினால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் மிஞ்சும்? அடுத்த வளவுக்காரரின் கிணறு மதிலை ஒட்டியே இருக்கக்கூடும்.

கீழே இருப்பது வெடிப்பும் பிளவும் நிறைந்த சுண்ணக்கல். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை இந்தப் பாறைக்குள் இறங்குவதே தண்ணீர். மழையோடு மலக்குழியின் கசிவும் தோட்டத்து யூரியாவும் அதே வழியாக இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். திருநெல்வேலி அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மீறப்படுவதை 1980கள் முதலே ஆய்வாளர்கள் எழுதிவருகின்றனர். மாநகரத்துக்கான குழாய் நீரில் ஒரு பகுதி கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து போவதால், பாதிப்பு பிரதேச சபையோடு முடிவதுமில்லை.

அயல் சபைப் பகுதிகளில் நடக்கும் அபிவிருத்தி இங்குள்ள நீரைக் கெடுக்கும் என்ற அச்சம் சுன்னாகத்தில் நடந்ததால் வலுப்பெற்றது. அங்கு தனியார் நிறுவனம் நடத்திய அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது என்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி அந்நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. சுன்னாகம் வேறொரு பிரதேச சபையின் ஆட்சிப் பகுதி. அங்கு அனுமதி பெற்ற ஒன்று இங்குள்ள கிணற்றைக் கெடுக்குமானால், அதைத் தடுக்க நல்லூர்ச் சபைக்குச் சட்டத்தில் வழி ஏது?

சபையின் கையில் இருப்பது கட்டட அனுமதி. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதற்கு அடிப்படை. ஒவ்வொரு வரைபடமும் தனித்தனியே மேசைக்கு வருகிறது. தனித்தனியே சரியாகவும் இருக்கிறது. ஓர் ஒழுங்கையில் இருபது வீட்டுக்கு அனுமதி கொடுத்தபின் அந்த நிலம் எத்தனை குழியைத் தாங்கும் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. என் பார்வையில் குறையின் வேர் இங்கேதான். ஊழலையும் கவனக்குறைவையும் மட்டும் தேடுவோர் அதைத் தவறவிடுகிறார்கள்.

இதைத் திருத்த ஊரிடம் ஒரு பழைய பலம் உண்டு: சனசமூக நிலையம். பத்திரிகை வாசிக்க ஒரு மண்டபம், முன்னால் ஒரு விளையாட்டுத் திடல், மாலையில் கூடும் இளைஞர், கணக்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்: உள்ளூராட்சி மன்றத்தில் பதிந்து, பத்திரிகைக்கும் தளபாடத்துக்கும் உதவி பெறும் இந்த அமைப்புகள், தெரிவான சபை இல்லாத காலத்திலும் ஊரைக் கூட்டிவைத்தன. பிரதேச சபைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க இடமளிக்கிறது. சுற்றாடல் குழுவில் சனசமூக நிலையப் பிரதிநிதியையும் பல்கலைக்கழகத்தின் நிலத்தடி நீர் ஆய்வாளரையும் சேர்த்து அமர்த்தினால், கட்டட அனுமதியை ஒழுங்கை வாரியாகப் பார்க்கலாம். புதிய சட்டம் தேவையில்லை. ஆனால் குழு அமைக்கத் தெரிவான சபையே அண்மையில் இருக்கவில்லை: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை மீண்டும் செயலாளர்களே நிருவகித்தனர்.

இதற்கிடையே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கேட்டு அங்குள்ள விவசாயிகளோடு ஏற்பட்ட முரண்பாட்டுக்குப் பிறகு வந்த மாற்றுவழி இது. குடிக்க நல்ல தண்ணீர் கிடைப்பது பெரிய விடயந்தான். ஆனால் குடாநாட்டில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. குழாயால் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும், பாவித்தபின், அந்த ஒரு பரப்புக் காணியின் குழிக்குள்ளேதான் இறங்கும். அதன் அளவைக் கணக்கிடும் பொறுப்பு இன்றுவரை நீர் வழங்கல் சபையிடமும் இல்லை, பிரதேச சபையிடமும் இல்லை.